எல்லாமே ‘பூச்சி’ இல்லீங்க!

நம் வீட்டு அடுப்படியில் அஞ்சறைப்பெட்டி இருக்கிறது. கடுகுக்கு ஓர் அறை, சீரகத்துக்கு ஓர் அறை. இருட்டிலே கை விட்டாலும் வேண்டிய சாமான் கைக்கு வரும். நம் மனசும் அப்படித்தான். கண்ணில் படுவதையெல்லாம் இன்னது என்று பிரித்து, ஒரு பேர் வைத்து, ஓர் அறையில் போட்டுவிடும். அது இல்லாவிட்டால் ஒரு நாள் பாடுகூட ஓடாது.

எதோடு அதிகம் புழங்குகிறோமோ அதை நுணுக்கமாகப் பிரிக்கிறோம். கன்று, கிடாரி, பசு, காளை, எருது என்று மாட்டுக்கு எத்தனை பேர்! வயலில் நாற்று, பயிர், கதிர், களத்தில் நெல், குத்தினால் அரிசி, வெந்தால் சோறு. ஆனால் அதே வயலில் பறப்பது, ஊர்வது, தத்துவது எல்லாவற்றுக்கும் ஒரே அறைதான்: ‘பூச்சி’. அதில் விழுந்துவிட்டால் அடுத்த பேச்சு, “மருந்தடி!”

நஷ்டம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. நெல் வயலில் சிலந்தி இருக்கிறது. எட்டுக் கால் உள்ள அது பூச்சி இனமே இல்லை; புகையானைப் பிடித்துத் தின்கிற நம் காவல்காரன். தட்டானும் ஊசித்தட்டானும் அப்படித்தான். கண்டபடி மருந்தடித்தால் முதலில் சாவது காவல்காரன். பிறகு புகையான் பெருகும்.

இந்தோனேசியாவில் இப்படித்தான் ஆயிற்று. புகையானால் அடிபட்ட பிறகு, 1986இல் அந்த அரசு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. 1989 முதல் வயலிலேயே பள்ளி நடத்தி, எது பகை, எது துணை என்று பிரித்துப் பார்க்க விவசாயிகளுக்குப் பழக்கினார்கள்.

சரி, எதை வைத்துப் பிரிப்பது? உருவத்தை வைத்துப் பிரித்தால் ஏமாந்துபோவோம். பொறிவண்டு அசுவினியைத் தின்னும் நல்ல வண்டு. ஆனால் அதன் புழு கருப்பாக, சின்ன முதலை போல இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து நசுக்கிவிடுகிறோம். அதுவும் அசுவினியைத்தான் தின்கிறது! கத்தரியில் வரும் எபிலாக்னா வண்டோ பொறிவண்டின் பங்காளி. பார்வைக்கும் அதே ஜாடை. ஆனால் இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கிவிடும். ஆகவே உருவத்தை விடுங்கள். அது எதைத் தின்கிறது என்று நின்று பாருங்கள்.

புகையானுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கிலும் சிலந்திக்கு இடமுண்டு. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் என்றாலே நடவடிக்கை எடுக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு வரும்வரை பொறுக்கலாம். பயிரின் அடித்தண்டை விலக்கி எண்ணிப் பார்த்தால் ஒரு தெளிப்புச் செலவே மிஞ்சலாம்.

இன்னொரு பேரும் நம்மை ஏமாற்றுகிறது. அதுதான் ‘மருந்து’. இருமலுக்குக் குடிப்பதும் மருந்து, பயிருக்கு அடிப்பதும் மருந்து. பேர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கிற வீடுகள் உண்டு. குழந்தைக்கு என்ன தெரியும்? பயிருக்கு அடிப்பது விஷம். அதைப் பூட்டித் தனியே வையுங்கள். வேறு பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

டப்பாவின் மேல் உள்ள வைர வடிவக் கட்டத்தின் கீழ்ப்பாதி நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய விஷம். அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றதும் நல்லது என்று மனசு எடுத்துக்கொள்ளும். அங்கே பச்சைக்கு அர்த்தம், விஷம் குறைவு என்பதுதான். விஷமே இல்லை என்பதல்ல.

அடுத்த முறை தெளிப்பானைத் தூக்குவதற்கு முன் வயலுக்குள் இறங்கி, இருப்பதில் தின்கிறவன் எத்தனை, காக்கிறவன் எத்தனை என்று எண்ணுங்கள். குழப்பமாக இருந்தால் ஒன்றிரண்டைத் தீப்பெட்டியில் பிடித்துப்போய் வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள். பேர் தெரிந்த பிறகு தெளிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.