நான்கெல்லைக்குள் ஒரு கொள்ளுத்தாத்தா!

'உங்க கொள்ளுத்தாத்தா பேர் என்ன சார்?'

தாம்பரம் ஸ்டேஷனில் பீச் வண்டிக்காகக் காத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் தலையைச் சொறிவார்கள். நமீதா, நயன்தாரா பிறந்த ஊர் தெரியும்... தாத்தாவின் அப்பா பெயர் தெரியாது!

ஆனால், பரண்மேல் தகரப்பெட்டியில் தூங்கும் பழைய கிரயப் பத்திரத்துக்கு அது தெரியும். விற்றவர், வாங்கியவர், அவரவர் அப்பா பெயர், ஊர், பல பத்திரங்களில் ஜாதி, தொழில்கூட இருக்கும். 'மகள் கல்யாணச் செலவுக்காக', 'முன்கடன் தீர்க்க' என்று நிலம் கைமாறிய காரணமும் அதிலேயே கண்ணீர் விடும்.

சேலையூரிலோ முடிச்சூரிலோ அப்பா வாங்கிய மனைப் பத்திரம் மட்டும்தான் இருக்கிறதா? அதன் தாய்ப்பத்திரத்தைப் பிடித்துப் பின்னால் போனால் கிடைப்பது விற்றவர் வீட்டுக் கதை. நம்ம கதை வேணும்னா, பூர்வீக ஊர் சார்பதிவாளர் ஆபீஸுக்கு பஸ் ஏற வேண்டியதுதான். அங்கே பெயர்வாரியாக ஓர் அட்டவணை, சொத்துவாரியாக ஓர் அட்டவணை உண்டு. 1908-ம் வருடப் பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவுப்படி, சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் 1-ம் புத்தகத்தைக் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், நகலும் கேட்கலாம். பழைய அளவுகளைக் கண்டு மிரள வேண்டாம். செங்கல்பட்டுச் சீமையில் ஒரு காணி என்பது 24 மனை, அதாவது 57,600 சதுர அடி. இன்றைக்கு அரை கிரவுண்டுக்கு பேங்க் லோன் கட்டும் பேரனுக்குப் பெருமூச்சு வரும்!

ஒரு குறை. பழைய பாகப்பிரிவினைகளில் அண்ணன் தம்பிகள் வரிசையாக நிற்பார்கள். அக்கா தங்கைகளைக் காணோம். தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பங்கு என்று சட்டம் சொன்னதே 1989-ல்தான். அதுவும் அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு இல்லை. 2005-ல் மத்தியச் சட்டம் அந்த வேலியையும் எடுத்தது. ஆகவே, அத்தைப்பாட்டியைத் தேடுகிறவர்கள் தான செட்டில்மென்ட் பத்திரங்களையும் புரட்டுங்கள்.

கடைசியாக, நான்கெல்லை. அதைத் தாண்டிக் குதித்து ஓடாமல் நிதானமாகப் படியுங்கள். 'வடக்கே ஏரி வாய்க்கால்' என்று இருக்கிறதா? உஷார்! 2015 டிசம்பரில் முடிச்சூர் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது ஞாபகமிருக்கும். வாய்க்கால் தெருவாகிவிட்டது நமக்குத்தான் தெரியும், தண்ணீருக்குத் தெரியாது. அது இன்னமும் பழைய பத்திரப்படிதான் நடக்கிறது!