நிவாரணம் என்ற ஒரே சொல்லும் பாலாற்று உப்பும்

ஐ.டி. வேலையை விட்டுப் போகும்போது கையில் தருவது ரிலீவிங் ஆர்டர். வெள்ளம் வந்தால் அரசு தருவது ரிலீஃப். ரெண்டுக்கும் வேர் ஒன்றுதான்: 'கனமில்லாத' என்று பொருள் தரும் லெவிஸ் என்ற லத்தீன் சொல். சுமையை இறக்கி வைப்பது ரிலீவ். அலீவியேட்டும் அதே வேரில் பிறந்ததுதான், ஆனா பயன்பாடு வேற. ஆளையும் ரிலீவ் செய்யலாம், வலியையும் செய்யலாம். அலீவியேட் செய்வது வலியை, வறுமையை மட்டும். 'நோயாளியை அலீவியேட் செய்தார்' என்று ஆங்கிலத்தில் யாரும் எழுத மாட்டார்கள். மிட்டிகேட் என்றால் கேட்டின் கடுமையைக் குறைப்பது, பெரும்பாலும் முன்கூட்டியே. ரெமடி என்றால் கோளாறையே சரிசெய்வது.

இது வெறும் அகராதி விளையாட்டு இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பாருங்க. பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்பு போட்டுத்தான் தோல் தொழிற்சாலைக்கு வரும். ஊறவைக்கும்போது அந்த உப்பு தண்ணீரில் கரையும். கரைந்த உப்பை நுண்ணுயிர் வைத்துச் செய்யும் சாதாரணச் சுத்திகரிப்பு நீக்காது. ஊறவைக்கும் முன்பே தோலை உதறி உப்பை எடுத்துவிட்டால் அது மிட்டிகேட். கிணறு உப்பாகிப்போன ஊருக்கு லாரியில் தண்ணீர் விட்டால் அலீவியேட். கிணறு அப்படியேதான் இருக்கும். நம்ம பாஷையில் சொன்னால் ஒர்க்கரவுண்ட். பக் இன்னும் ஓப்பன்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் இந்த இடத்தைத் தெளிவாகப் பிரித்தது. மாசுபடுத்தியவர் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தந்தால் மட்டும் போதாது, கெட்ட சூழலை மீட்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்றது. முதலாவது விவசாயியை ரிலீவ் செய்யும். ரெமடி இரண்டாவதில்தான் இருக்கு. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் இழப்பீடு, மீட்பு இரண்டுக்கும் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. 28 வருஷத்துக்கும் மேல்!

நம்ம செய்திகளில் இதெல்லாமே 'நிவாரணம்'. பணம் கொடுத்தாலும் நிவாரணம், தண்ணி லாரி வந்தாலும் நிவாரணம். (வடமொழியில் அதற்குத் தடுத்தல் என்றே பொருள், அது இன்னொரு வேடிக்கை.) இத்தனைக்கும் வீட்டுப் பேச்சில் நாம குழப்பிக்கிறதே இல்லை. தைலம் தடவினால் தலைவலி தணியும். வைத்தியம் பார்த்தால் நோய் தீரும். மிட்டிகேட்டுக்கும் அலீவியேட்டுக்கும் தணித்தல், ரெமடிக்குத் தீர்த்தல் என்று எழுதலாம் என்பது என் கட்சி. அப்புறம் 'பாலாற்று விவசாயிகளுக்கு நிவாரணம்' என்ற தலைப்பைப் பார்த்தால், தணித்தார்களா தீர்த்தார்களா என்று கேட்கலாம்.