புயல் நாளில் விமானத்தைத் திருப்புவது யார்?

சென்னையில் இறங்க முடியாத விமானம் பெங்களூருக்குத் திரும்பினால், பெரும்பாலும் நம் வேலூர், ஆம்பூர் பக்கத்து வானத்தைக் கடந்துதான் போகும். அதே நேரம் கீழே, விமானத்தில் அனுப்பவேண்டிய சாம்பிள் ஷூ பெட்டிகளோடு ஆம்பூரிலிருந்து ஒரு வேன் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். மேலே விமானம் திரும்பினால், இந்தப் பெட்டியும் கிடப்பில்தான்.

"பைலட் திருப்பிவிட்டார்" என்கிறோம். இறங்குவதா வேண்டாமா என்ற கடைசி முடிவு அவருடையதுதான். ஆனால் எங்கே போவது என்பது தனியாள் முடிவல்ல. எரிபொருள் எவ்வளவு மிச்சம், விமானிகளின் பணி நேரம் எப்போது முடிகிறது என்பது விமான நிறுவனத்துக்குத் தெரியும். பெங்களூரில் நிறுத்த இடம் இருக்கிறதா, ஒரு மணி நேரத்தில் எத்தனை விமானம் இறங்கலாம் என்பது வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்குத் தெரியும். இருவரும் பேசாவிட்டால் எல்லா விமானமும் ஒரே ஊருக்குப் போய் நெரியும்.

இதற்காகவே இந்திய விமான நிலைய ஆணையம் டெல்லியில் போக்குவரத்து ஒழுங்கு மையம் ஒன்றை நடத்துகிறது. ஓர் ஊரில் மழையால் இறங்கும் வேகம் குறைந்தால், அங்கே வரவேண்டிய விமானங்களுக்குப் புறப்படும் நேரத்தைத் தள்ளிக் கொடுக்கிறது. வானில் வட்டமடித்து எரிபொருளைக் கரைப்பதைவிடத் தரையில் காத்திருப்பது மேல். உங்கள் விமானம் கதவை மூடிவிட்டு நகராமல் நிற்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயலன்று சென்னை ஓடுபாதை மூடப்பட்டது. பல விமானங்கள் பெங்களூருக்குத் திரும்பின. 2015 டிசம்பரில் நிலைமை இன்னும் மோசம். அடையாறு பெருகி விமான நிலையத்துக்குள் புகுந்து, பயணிகள் சேவை நாள்கணக்கில் நின்றுபோனது. அப்போது கைகொடுத்தது நம் மாவட்டம்தான். அன்று வேலூர் மாவட்டத்தில் இருந்த அரக்கோணத்தின் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் பறந்தன. கடற்படை விமானத் தளத்தில் பயணிகளுக்கான வசதி ஏது? கடற்படை, விமான நிலைய ஆணையம், விமான நிறுவனங்கள் மூன்றும் கூடிப் பேசித்தான் அது நடந்தது. அந்தப் பேச்சு வெள்ளம் வந்தபின் தொடங்கக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி பிறக்குமுன்பே முடிந்திருக்க வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்துவிட்டால், ஆம்பூரிலிருந்து கிளம்புமுன் விமான நிறுவனத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பெட்டியை வேனில் ஏற்றுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.