செகண்ட் ஹேண்ட் பைக் மக்கர் பண்ணுதா? இன்ஜின் வேலைக்கு ஓகே சொல்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆச்சு. பஸ் கூட்டம், ஆட்டோ செலவு ரெண்டுக்கும் முடிவு கட்ட ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கிட்டீங்க. முதல் ரெண்டு வாரம் நல்லா ஓடுச்சு. அப்புறம் காலையில சீக்கிரம் ஸ்டார்ட் ஆகல, சிக்னல்ல நின்னா ஆஃப் ஆகுது, மேம்பாலம் ஏறும்போது இழுக்க மாட்டேங்குது. மெக்கானிக் ஒரு தடவை ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பார்த்துட்டு, "இன்ஜின் வேலை இருக்குங்க, 9,000 ஆகும்" என்கிறார்.

அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனா அந்த ஒரு வரியை மட்டும் வச்சு 9,000 ரூபாய் செலவு பண்ணக் கூடாது.

பைக் ரிப்பேர் பத்தி ஒரு சி.ஏ. ஏன் பேசணும்? டிரையல் பேலன்ஸ் டேலி ஆகலைன்னா, எடுத்த உடனே மோசடின்னு நாங்க முடிவு பண்ண மாட்டோம். கூட்டல் சரியா, ஓப்பனிங் பேலன்ஸ் சரியா வந்திருக்கான்னு பார்ப்போம். செலவில்லாத சோதனை முதல்ல, பெரிய சோதனை கடைசியில. பைக்குக்கும் அதே வரிசைதான்.

சும்மா விட்டாலும் செலவுதான்

மாசம் 1,000 கி.மீ. ஓட்டுறீங்க, லிட்டருக்கு 55 கொடுக்க வேண்டிய வண்டி 40 தான் கொடுக்குதுன்னு வச்சுக்கோங்க. 18 லிட்டர் போதும்கிற இடத்துல 25 லிட்டர் போகுது. லிட்டர் 100 ரூபாய்னு கணக்கு போட்டாலே மாசம் சுமார் 680 ரூபாய், வருஷத்துக்கு 8,000-க்கு மேல. அதனால "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்பதும் சிக்கனம் இல்லை.

ஆரம்பிக்கும் முன் ரெண்டு விதி

ஒண்ணு, பிரச்சினை எப்போ வருதுன்னு போன்ல எழுதி வைங்க. காலையில மட்டுமா, இன்ஜின் சூடான பிறகா, ஐடிலிங்லயா, வேகம் எடுக்கும்போதா? "வண்டி சரியில்லை" என்று சொன்னால் மெக்கானிக் யூகிக்கத்தான் முடியும்.

ரெண்டு, ஒரு நேரத்துல ஒரு விஷயத்தை மட்டும் மாத்துங்க. பிளக், ஃபில்டர், டியூனிங் மூணையும் ஒரே நாள்ல பண்ணிட்டா, எது காரணம்னு கடைசி வரை தெரியாது. அடுத்த தடவையும் மூணுக்கும் காசு கொடுப்பீங்க.

வரிசையா பாருங்க

1. காசே செலவாகாதவை. "இழுக்கல" என்ற புகாருக்கு இன்ஜின் காரணமாவே இல்லாம இருக்கலாம். டயர்ல காத்து குறைவா? சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரல்ல, பின் சக்கரத்தைக் கையால சுத்துங்க. உரசிக்கிட்டு உடனே நின்னா பிரேக் டைட்டா இருக்கு. செயின் ரொம்ப இறுக்கமா, துருப்பிடிச்சு இருக்கான்னு பாருங்க. கார்புரேட்டர் வண்டின்னா சோக் இழுத்தபடியே இருக்கலாம். கறுப்புப் புகையும் மைலேஜ் குறைவும் அதனாலயே வரும். இன்ஜின் ஆயில் அளவையும் பார்த்துடுங்க.

2. பெட்ரோல். விற்பனைக்காக மாசக்கணக்கா நின்ன வண்டியில பழைய பெட்ரோல் இருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை வேற இழுக்கும். பழசை எடுத்துட்டுப் புதுசு போட்டுப் பாருங்க. அனுபவம் இல்லைன்னா டேங்க்கை மெக்கானிக்கே காலி பண்ணட்டும். சூடான இன்ஜின் பக்கத்துல பெட்ரோலோட விளையாட வேண்டாம்.

3. ஏர் ஃபில்டர். தூசி அடைச்சா இன்ஜினுக்குக் காத்து போகாது, இழுவை குறையும், பெட்ரோல் அதிகம் குடிக்கும். ஃபோம் ஃபில்டரைச் சுத்தம் பண்ணலாம். பேப்பர் ஃபில்டரைக் கழுவக் கூடாது, மாத்தணும். செலவு பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான்.

4. ஸ்பார்க் பிளக். இன்ஜின் நல்லா ஆறின பிறகு கழட்டுங்க. நுனியின் நிறமே பாதி கதையைச் சொல்லிடும்.
- இளம் பழுப்பு: எரிதல் சரியா நடக்குது.
- உலர்ந்த கரி: பெட்ரோல் அதிகம் அல்லது காத்து குறைவு. ஃபில்டர், சோக், கார்புரேட்டர் பக்கம் போங்க.
- வெள்ளை: பெட்ரோல் குறைவு அல்லது அதிகச் சூடு.
- ஈரமா, எண்ணெய்ப் பிசுக்கா கறுப்பு: இன்ஜின் ஆயில் உள்ளே எரியுது. இதுதான் கவலைப்பட வேண்டியது.

திருப்பி மாட்டும்போது முதல் சில சுத்து கையால மட்டும் சுத்துங்க. சிலிண்டர் ஹெட் அலுமினியம். மரை போச்சுன்னா, சில நூறு ரூபாய் பிளக்குக்காக ஆயிரக்கணக்கில் செலவாகும்.

5. கார்புரேட்டர், டேப்பெட், கிளட்ச். இது மெக்கானிக் வேலை. சிக்னல்ல ஆஃப் ஆகிற பிரச்சினைக்கு கார்புரேட்டர் சர்வீஸும் டேப்பெட் அட்ஜஸ்ட்மென்ட்டும் பல நேரம் போதும். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுது, வேகம் ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது. முதல்ல கேபிளை அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லுங்க, அப்புறம் பிளேட் மாத்துறதைப் பேசலாம்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகள் பெரும்பாலும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன். அதுல திருகித் திருகி டியூன் பண்ண எதுவும் இல்லை. பேட்டரி டெர்மினல் லூஸா, துருப்பிடிச்சிருக்கான்னு பாருங்க. மீட்டர்ல இன்ஜின் விளக்கு அணையாம எரிஞ்சா ஸ்கேனர் இருக்கிற சர்வீஸ் சென்டருக்குப் போங்க.

6. கடைசியாத்தான் இன்ஜின். நீலப் புகை வந்தா ஆயில் எரியுதுன்னு அர்த்தம். ஆனா அது எப்போ வருதுன்னு கவனிங்க. ராத்திரி நின்ன வண்டியை காலையில ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் கொஞ்சம் வந்து நின்னுட்டா, வால்வு சீல் தேய்ஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். முறுக்கும்போதெல்லாம் வருது, ஆயிலும் குறையுதுன்னா பிஸ்டன் ரிங், போர் பக்கம் சந்தேகப்படலாம். முதலாவது செலவு ரெண்டாவதை விடக் கணிசமா குறைவு. அதனால இன்ஜினைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, இன்னொரு மெக்கானிக்கிட்டயும் கேளுங்க. எஸ்டிமேட்டை வாட்ஸ்அப்ல வாங்குங்க. பார்ட்ஸுக்குப் பில்லும், கழட்டின பழைய பார்ட்ஸும் வேணும்னு முன்னாடியே சொல்லிடுங்க.

ஒரு விதிவிலக்கு: பிரேக், டயர் ரெண்டுலயும் இந்த "மலிவானது முதலில்" கணக்கு செல்லாது. சரியில்லைன்னா அன்னைக்கே மாத்துங்க.

இன்ஜின் வேலைதான்னு உறுதியாச்சு. இப்போ பண்ணலாமா, விக்கலாமா?

இங்கதான் பலரும் தடுக்கி விழறாங்க. "38,000 போட்டு வாங்கியாச்சு, இதுல 9,000 போட்டா என்ன?" அந்த 38,000 போன பணம். ரிப்பேர் பண்ணினாலும் விற்றாலும் அது திரும்பி வராது. முடிவெடுக்கிற கணக்குல அதுக்கு இடமே இல்லை.

பார்க்க வேண்டியது மூணே எண்கள். உதாரணத்துக்கு:
- இப்போ இருக்கிற நிலையில வித்தா: 28,000
- ரிப்பேர் செலவு: 9,000
- இதே மாடல், இதே வருஷம், நல்ல கண்டிஷன்ல வாங்கினா: 42,000

ரிப்பேர் பண்ணினா, நல்லா ஓடுற வண்டி உங்களுக்கு 28,000 + 9,000 = 37,000-க்குக் கிடைக்குது. வெளியில 42,000. அப்போ ரிப்பேர் பண்ணுறது லாபம். அதே ரிப்பேர் 16,000 ஆகும்னா கணக்கு 44,000 ஆயிடும். அப்போ உண்மையைச் சொல்லி, அதுக்கேத்த விலைக்கு வித்துட்டு வெளியே வர்றதுதான் நல்லது. பிரிச்ச பிறகு "இதுவும் போயிருக்கு" என்று சொல்ல வாய்ப்பு உண்டு. அதனால எஸ்டிமேட்டுக்கு மேல ஒரு உச்சவரம்பையும் இப்பவே எழுதி வைங்க. இந்த உதாரணத்துல அது 14,000.

பேப்பர் சரியா இருக்கா?

உங்க பேர்ல இல்லாத வண்டிக்கு 9,000 செலவு பண்ணாதீங்க. வண்டி வாங்கின 30 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிச்சு ஆர்.சி.யைப் பெயர் மாத்தணும். அதுக்கு ஃபார்ம் 29, 30 தேவை. பழைய ஓனர் லோன்ல வாங்கியிருந்தா பேங்க் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் வாங்குங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு 14 நாளுக்குள்ள விண்ணப்பிக்கணும். தேர்ட் பார்ட்டி கவர் சட்டப்படி உங்களுக்கு மாறிடும். ஆனா பாலிசி பழைய ஓனர் பேர்லயே இருந்தா, வண்டி திருடு போனாலோ சேதமானாலோ உங்க க்ளெய்ம் சிக்கலாயிடும்.

இந்த வாரக் கடைசியில ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. முதல் நாலு சோதனைகளை முடிச்சுட்டு, எழுதி வச்ச குறிப்போட மெக்கானிக்கிட்ட போங்க. "என்ன ஆச்சுன்னு பாருங்க" என்று வண்டியைக் கொடுப்பதற்குப் பதிலா, "ஃபில்டர், பிளக் மாத்தியாச்சு, சூடான பிறகு மட்டும் ஆஃப் ஆகுது" என்று சொல்லுங்க. அதுக்கப்புறம் வர்ற எஸ்டிமேட்டை உங்களால எடை போட முடியும்.