சிற்றுருவப் பந்தயக் கார்கள்

மோட்டார்ப் பந்தயத்தை நேரில் கண்டவர்கள் நம்முள் சிலரே. அப்பந்தயங்களில் ஓடிய கார்களைப் பன்னிரண்டில் ஒரு பங்காகவோ, இருபதில் ஒரு பங்காகவோ சுருக்கி, நூற்றுக்கணக்கான துண்டுகளாகப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள் என்பதையும், அவற்றை வாங்கி மாதக்கணக்கில் உழைத்துக் காராக்குபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள் என்பதையும் அறிந்தவர்கள் அதனினும் சிலர். இது சிறுவர் விளையாட்டன்றோ என்று கேட்கலாம். சிறுவர்களும் செய்கிறார்கள். ஆனால் இதில் ஈடுபட்டோரில் பெரும் பகுதியினர் தலை நரைத்தவர்கள். அவர்களிடையே நெடுநாளாகத் தீராத வழக்கு ஒன்றும் உண்டு. அரிய பெட்டி ஒன்று கைக்கு வந்தால் அதைத் திறந்து காரைக் கட்டுவதா, திறவாமல் பாதுகாப்பதா என்பதே அவ்வழக்கு. அதில் நாம் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லுமுன், பெட்டிக்குள் இருப்பது இன்னதென்று பார்ப்போம்.

பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கை உருக்கி, மிகுந்த அழுத்தத்துடன் எஃகு அச்சுகளுக்குள் செலுத்தி வார்க்கிறார்கள். அச்சைத் திறந்தால் ஒரு சட்டம் வெளிவரும். மாங்கொத்தில் வடுக்கள் தொங்குவது போல, அச்சட்டத்தின் கம்பிகளில் காரின் உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் சிறு வெட்டுக்குறட்டால் நறுக்கியெடுத்து, வெட்டுவாயை உப்புத்தாளால் தேய்த்து, குறிப்பேட்டில் உள்ள எண்வரிசைப்படி பொருத்த வேண்டும். ஒட்டுவதற்குப் பயன்படும் திரவம் நாம் காகிதத்திற்குத் தடவும் பசையைப் போன்றதன்று. அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே சற்றுக் கரைத்து இரண்டு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடுகிறது. உலர்ந்தபின் பிரிப்பது அரிது. ஆகையால் இத்தொழிலில் முதலில் கற்றுக்கொள்ளவேண்டியது, ஒட்டாமல் பொருத்திப் பார்ப்பது.

இன்று இக்கலையின் தலைநகரம் என்று சொல்லத்தக்கது ஜப்பானிலுள்ள ஷிஸுவோக்கா நகரம். முற்காலத்தில் அங்கே பெரிய வழிபாட்டுத் தலங்களைக் கட்டுவதற்காக நாடெங்கிலுமிருந்து தச்சர்களும் செதுக்குவோரும் வரவழைக்கப்பட்டனர். அவ்வழியில் மரவேலை அந்நகரில் வேரூன்றியது. 1946-இல் அங்கு மர அறுவைத் தொழிலாகத் தொடங்கிய டாமியா நிறுவனம், 1948-இல் மர மாதிரிகள் செய்ய ஆரம்பித்து, 1960-இல் பிளாஸ்டிக்குக்கு மாறியது. அவோஷிமா, ஃபுஜிமி ஆகிய நிறுவனங்களும் அவ்வூரைச் சேர்ந்தவையே. பந்தயக் கார் மாதிரிகள் அங்கே வளர்ந்ததற்குத் தேசப் பெருமிதமும் ஒரு காரணம் எனலாம். 1965 அக்டோபரில் மெக்சிகோவில் நடந்த கிராண்ட் பிரி பந்தயத்தில் ரிச்சி கின்தர் ஓட்டிய ஹோண்டா கார் வென்றது. அப்பந்தய வகையில் ஜப்பானியக் கார் பெற்ற முதல் வெற்றி அது. இரண்டே ஆண்டுகளில், 1967-இல், ஹோண்டாவின் அடுத்த காரான ஆர்.ஏ.273-ஐப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் டாமியா வெளியிட்டது.

அந்நிறுவனத்தை நெடுங்காலம் நடத்தி 2025-இல் மறைந்த ஷுன்ஸாக்கு டாமியாவைப் பற்றி வழங்கும் செய்தி ஒன்று உண்டு. போர்ஷே 934 காருக்கு மாதிரி செய்ய முற்பட்டவர், படங்களும் அளவுகளும் போதவில்லை என்று கண்டு, போர்ஷே 911 கார் ஒன்றையே விலைக்கு வாங்கித் திருகாணி திருகாணியாகப் பிரித்துப் பார்த்தார். மறுபடி பூட்டுவதற்குப் போர்ஷே நிறுவனத்தின் தொழிலாளர் உதவி தேவைப்பட்டதாம். 1976-இல் வெளிவந்த அந்த மாதிரியில் எஞ்சினின் அடிப்பகுதி எவ்வளவு நுட்பமாக இருக்கிறது என்பதைக் கண்டவர்கள் இச்செய்தியை எளிதில் நம்புவார்கள்.

இத்தாலியில் கதை வேறு. டர்க்வினியோ ப்ரொவீனி என்பவர் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 1957-இலும் 1958-இலும் உலகப் பட்டம் பெற்ற வீரர். 1966-இல் மான் தீவில் விழுந்து பலத்த காயமுற்றதோடு அவருடைய பந்தய வாழ்வு முடிந்தது. பின்னர் அவர் மாதிரி செய்யும் நிறுவனம் ஒன்றை வளர்த்து, தம் குடும்பப் பெயரின் முதலெழுத்துகளையும் சொந்தப் பெயரின் முதலெழுத்துகளையும் இணைத்து அதற்கு 'ப்ரொடார்' என்று பெயரிட்டார். அவருடைய பெட்டிகளில் துண்டுகள் ஜப்பானியருடையவை போல் கச்சிதமாகப் பொருந்தமாட்டா. அரத்தோடும் பட்டியோடும் உட்கார வேண்டியிருக்கும். ஆயினும் பந்தய வண்டியின் மேல் அமர்ந்து அதன் நடுக்கத்தை உடம்பில் உணர்ந்தவர் செய்த பொருள் அது என்ற எண்ணத்தில், அன்பர்கள் அக்குறையைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

அளவைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் இடையே ஏறத்தாழ 2.4 மீட்டர் உள்ள பந்தயக் கார், பன்னிரண்டில் ஒரு பங்கில் 20 சென்டிமீட்டராகவும், இருபதில் ஒரு பங்கில் 12 சென்டிமீட்டராகவும், நாற்பத்து மூன்றில் ஒரு பங்கில் ஐந்தரை சென்டிமீட்டருக்குச் சற்று மேலாகவும் அமையும். 43 என்ற விந்தையான எண், ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்று கணக்கிட்ட பழைய பொம்மை ரயில்களிடமிருந்து வந்தது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே எண்ணால் வகுத்துவிட முடியாது. ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள பிளாஸ்டிக் தகடு, பன்னிரண்டில் ஒரு பங்குக் காரில் 12 மில்லிமீட்டர் தடித்த இரும்புச் சுவராகிவிடும். உண்மைக் காரிலோ அவ்விடத்தில் மெல்லிய அலுமினியத் தகடே இருந்தது. ஆகவே தேர்ந்த கைவினைஞர் பார்வையில் படும் விளிம்புகளை மட்டும் உட்புறமாகச் சீவி மெலிதாக்குவர். உலோகத் துகள் கலந்த வண்ணத்திலும் இதே தொல்லை. துகள் சுருங்காதாகையால், சிறிய காரின் மேல் அது மணல் தூவியது போல் தெரியும். ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குச் சொற்களைக் கொண்டுசெல்வதையே தொழிலாகக் கொண்ட எங்களுக்கு இச்சங்கடம் புதிதன்று. சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தும் வாக்கியம் பிழையாக ஒலிப்பதை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம்.

இனி, இக்கலையின் உயிர்நிலை எது என்பதற்கு ஒரு காரை எடுத்துக்கொள்வோம். லோட்டஸ் 49 என்னும் கார் 1967 ஜூன் 4-ஆம் நாள் ஹாலந்திலுள்ள ஸாண்ட்வோர்ட் களத்தில் முதன்முதலாக ஓடியது. ஜிம் கிளார்க் ஓட்ட, முதல் நாளே வென்றது. அப்பந்தயத்திற்கு வந்துசேரும் வரை அவர் அக்காரை ஓட்டியதே இல்லை என்பது வியப்புக்குரியது. அதன் எஞ்சின் காஸ்வொர்த் நிறுவனம் ஃபோர்டின் பொருளுதவியுடன் செய்த எட்டு சிலிண்டர் எஞ்சின். மற்றக் கார்களில் பெரும்பாலானவற்றில் ஒரு சட்டம் எஞ்சினைத் தாங்கும். இதில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் காரின் உடல் முடிந்துவிடுகிறது. அங்கே எஞ்சினை நேராகப் பூட்டி, பின் சக்கரங்களின் தாங்கிகளை எஞ்சினோடும் பல்சக்கரப் பெட்டியோடும் இணைத்துவிட்டார்கள். எஞ்சினே காரின் பின்பாதி. மாதிரி செய்பவருக்கு இதன் பொருள் என்னவெனில், மூடி மறைக்க இடமே இல்லை. எட்டுப் புகைக் குழாய்கள், எட்டுக் காற்றுக் குழல்கள், பற்றவைக்கும் கம்பிகள் யாவும் வெட்டவெளியில் நிற்கின்றன.

இக்காரை டாமியா 1960-களின் இறுதியில் பன்னிரண்டில் ஒரு பங்கிலும், எப்ரோ என்னும் மற்றொரு ஜப்பானிய நிறுவனம் பல ஆண்டுகளுக்குப் பின் இருபதில் ஒரு பங்கிலும் வெளியிட்டன. பெட்டியை வாங்கியவர் முன் எழும் முதல் கேள்வி, எந்த நாளின் கார் என்பது. ஸாண்ட்வோர்டில் அது கரும்பச்சை உடலும் நடுவே மஞ்சள் பட்டையும் கொண்டது. கிளார்க்கின் எண் 5. 1968 ஜனவரி முதல் நாள் தென்னாப்பிரிக்காவில் அவர் தமது இருபத்தைந்தாவது கிராண்ட் பிரியை வென்றபோதும் நிறம் பச்சையே. பின்னர் ஒரு சிகரெட் நிறுவனத்தின் பணம் வந்தது. நியூஸிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த டாஸ்மன் தொடரின்போது கார் சிவப்பும் வெள்ளையும் பொன்னிறமுமாக மாறியது. ஏப்ரல் 7-ஆம் நாள் ஜெர்மனியில் ஹோக்கன்ஹைம் களத்தில், வேறொரு லோட்டஸ் காரில் சென்ற கிளார்க் உயிரிழந்தார். மே மாதம் ஸ்பெயினில் கிரஹாம் ஹில் வென்றதுதான் சிவப்பு-வெள்ளைக் கோலத்தில் அக்கார் ஓடிய முதல் உலகப் பட்டப் பந்தயம்.

அவ்வளவில் நிற்கவில்லை. அதே மாதம் மொனாக்கோவில் மூக்கின் இரு பக்கமும் சிறு இறக்கைகள் முளைத்தன. அவ்வாண்டு முடிவதற்குள் பின்னால் உயரமான கம்பங்களின் மேல் பெரிய இறக்கை ஏறியது. 1969 மே 4-இல் பார்சலோனாவில் ஹில், யோகன் ரிண்ட் ஆகிய இருவருடைய இறக்கைகளும் ஒடிந்து இரு கார்களும் மோதி நொறுங்கின. அடுத்த பந்தயமான மொனாக்கோவில் உயர்ந்த இறக்கைகள் தடைசெய்யப்பட்டன. இறக்கை நீங்கிய காரில் ஹில் அங்கு ஐந்தாம் முறையாக வென்றார். இரண்டே ஆண்டில் இத்தனை உருவங்கள்! ஆகையால் 'லோட்டஸ் 49 செய்தேன்' என்று ஒருவர் சொன்னால் அன்பர்கள் திருப்தியடைவதில்லை. உலகப் பட்டப் பந்தயக் காட்சி என்று எழுதி, சிவப்பு-வெள்ளைக் காரில் கிளார்க்கின் தலைக்கவசத்தை வைத்தால், அவர் வாழ்ந்திராத ஒரு நாளை அவருக்குக் கொடுத்ததாகிவிடும். இது நுணுக்கப் பித்து அன்று. பந்தயக் கார்கள் உடைந்தன, திருத்தப்பட்டன, விற்கப்பட்டன. உதிரி உறுப்புகளைக் கொண்டு மீண்டும் கட்டப்பட்டவையும் உண்டு. அன்றைய மாலையில் இருந்த அந்தக் கார் இன்று எங்கும் இல்லை. பழைய புகைப்படங்களை உருப்பெருக்கியால் பார்த்து ஒருவர் மேசைமேல் கட்டியெழுப்பினால்தான் அது உண்டு.

வண்ணம் பூசுவதே இதில் நெடிய வேலை. முதலில் பிரைமர், அதன்மேல் மெல்லிய பூச்சுகளாக நிறம், பிறகு நீரில் ஊறவைத்து ஒட்டும் எழுத்துகளும் எண்களும், கடைசியில் வார்னிஷ். எழுத்தொட்டிகளைச் சொரசொரப்பான பரப்பில் வைத்தால் அடியில் காற்றுச் சிக்கி வெள்ளி பூத்தது போலாகும். பளபளப்பான பரப்பின்மேல்தான் வைக்கவேண்டும். மழைக்காலத்தில், குறிப்பாக மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று வீசும் ஊர்களில், காற்றோடு சேர்த்து வண்ணம் தெளித்தால் பூச்சு பால் படிந்தது போல் வெளிறும். வெயிலுக்குக் காத்திருப்பதே வழி. இன்னொன்று: புகையிலை விளம்பரங்களுக்கு வந்த கட்டுப்பாடுகளால், பழைய பெட்டிகளின் மறுபதிப்புகள் பலவற்றில் சிகரெட்டுப் பெயர்களை நீக்கிவிட்டார்கள். அதில் நாட்டு நலன் உண்டென்பதை மறுக்கமாட்டோம். ஆனால் காரின் மேல் அன்று இருந்த எழுத்து இல்லாவிட்டால் சரித்திரம் குறைபட்டுப்போகிறது என்று கருதுவோர், அவ்வெழுத்துகளை மட்டும் அச்சிடும் சிறு நிறுவனங்களிடம் தனியே வாங்கிக்கொள்கிறார்கள்.

இப்போது அந்த வழக்குக்கு வருவோம். திறவாத பெட்டிக்கு விலை அதிகம். கட்டிய காருக்கு, மிகச் சிறந்த கைவேலையாக இருந்தாலொழிய, விலை குறைவு. அச்சுகள் தேய்ந்தோ தொலைந்தோ போன பெட்டிகளைப் பொறுத்தவரை, ஒன்றைத் திறந்தால் உலகில் ஒன்று குறைகிறது என்பதும் மெய்யே. தமிழ்நாட்டை விட்டு வந்து, மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் வீட்டுச் சாமான்களை மூட்டை கட்டும் நம்மவர்களுக்கு இன்னுமொரு நியாயம் தோன்றும்: பெட்டி லாரியில் பத்திரமாகப் போகும், மயிரிழை போன்ற கம்பிகளோடு நிற்கும் கார் போகாது. கொலுப் பொம்மைகளை வைக்கோலில் சுற்றி எடுத்துச்சென்ற நம் வீட்டுப் பெரியவர்களின் பொறுமை இதற்கு வேண்டும்.

ஆயினும் நாம் கட்டுவோர் பக்கமே. கட்டுகிறவர்தான் எந்த நாள் என்று கேட்கிறார். பெட்டியை அடுக்கி வைப்பவருக்கு அக்கேள்வியே எழுவதில்லை. மேலும், மூடியிருப்பதால் பொருள் அழியாது என்று எண்ணுவது தவறு. எழுத்தொட்டிகள் பெட்டிக்குள்ளேயே மஞ்சளிக்கின்றன, வெடிக்கின்றன. மஞ்சளித்தவற்றை வெயில் படும் ஜன்னற் கண்ணாடியில் சில வாரம் ஒட்டிவைத்தால் நிறம் ஓரளவு வெளுக்கும். வெடித்தவற்றுக்கு மேலே வார்னிஷ் தெளித்துப் பார்க்கலாம். எல்லாவற்றிலும் கொடியது டயர்தான். மென்மைக்காக அதில் கலந்துள்ள எண்ணெய் போன்ற பொருள் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனை இளக்கிக் குழியாக்கிவிடுகிறது. நாற்பது ஆண்டு காத்த பெட்டியைத் திறந்து, உடலின் பக்கவாட்டில் டயரின் வடிவம் பதிந்திருக்கக் கண்டவர்கள் உண்டு. ஆகவே திறப்பதில்லை என்று உறுதி பூண்டவர்களும் ஒரே ஒரு முறை திறந்து, டயர்களை எடுத்துத் தனிப்பையில் இட்டு, பிறகு மூடிவைப்பது நலம்.