புது டிரைவ் வந்தாலும் பழையது இருக்கட்டும்

1980களின் கணினிகள் சிலவற்றின் முகப்பில் இரண்டு ஃபிளாப்பி டிரைவ்கள் இருக்கும். இரண்டிலும் நுழைவது அதே ஐந்தேகால் அங்குல வட்டுதான். ஆனால் ஒன்று 360 கிலோபைட் ரகம், மற்றது 1.2 மெகாபைட் ரகம். கூடுதல் கொள்ளளவு உள்ளது வந்த பிறகும் பழையதை ஏன் கழற்றவில்லை? டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம்.

ஃபிளாப்பி என்பது காந்தப் பூச்சு பூசிய மெல்லிய பிளாஸ்டிக் வட்டு. அதில் தகவல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வட்டப் பாதைகளில் பதிகின்றன. ஒரு பாதைக்கு டிராக் என்று பெயர். அதில் எழுதுவதும் படிப்பதும் 'ஹெட்' என்ற சின்னஞ்சிறு மின்காந்தத்தின் வேலை.

360 ரகத்தில் வட்டின் ஒரு பக்கத்துக்கு 40 டிராக். 1984இல் ஐபிஎம் பிசி ஏடியோடு வந்த 1.2 ரகத்தில் 80 டிராக். வட்டின் அளவு மாறவில்லை; பாதைகள் மட்டும் இரட்டித்தன. அப்படியானால் ஒவ்வொரு பாதையும் ஒடுங்கியாக வேண்டும். பழைய ஹெட் எழுதும் பாதையின் அகலம் ஏறக்குறைய 0.33 மில்லிமீட்டர், புதியது எழுதுவது அதில் பாதி.

இப்போது பழைய வட்டைப் புது டிரைவில் போடுவோம். ஹெட் ஒவ்வொரு முறையும் இரண்டு படி நகர்ந்து, அகலமான பாதையின் நடுவில் நின்று படித்துவிடும். பழைய டிரைவ் நிமிடத்துக்கு 300 சுற்று, புதியது 360 சுற்று. அந்த வித்தியாசத்தையும் கணினி சமாளித்துக்கொள்ளும்.

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம். படிக்கிறதே, எழுதவும் செய்யும் என்று நினைக்கிறோம். எழுதத்தான் செய்யும். ஆனால் அதையே திரும்பப் பழைய டிரைவில் போட்டால் பல நேரம் பிழை காட்டும்.

காரணம் அகலம். அகலமான காவிப் பட்டையின் மேல் ஒடுக்கமான தூரிகையால் வெள்ளைக் கோடு இழுத்தால் இரு ஓரமும் காவியாகவே நிற்குமல்லவா? அப்படித்தான் குறுகிய ஹெட் நடுவில் புதியதை எழுத, ஓரங்களில் பழைய பதிவு அழியாமல் தங்கிவிடுகிறது. புது டிரைவுக்கு அந்த ஓரம் தெரியாது. அதனால் எல்லாம் சரியாகத் தோன்றும். பழைய டிரைவின் அகன்ற ஹெட்டோ பழையதையும் புதியதையும் சேர்த்தே வாரி எடுத்துக் குழம்புகிறது.

இதற்கு ஓரளவு மாற்று உண்டு. இதுவரை எதுவுமே பதியாத வட்டை எடுத்து, புது டிரைவிலேயே ஃபார்மேட் செய்து எழுதினால், ஓரத்தில் மிச்சம் எதுவும் இராது. பழைய டிரைவுக்குக் கிடைக்கும் சமிக்ஞை சற்று மங்கலாக இருந்தாலும் பெரும்பாலும் படித்துவிடும்.

ஆகவே கணக்கு இவ்வளவுதான்: பழைய வட்டில் உள்ளதைப் படித்து எடுக்க மட்டும் என்றால் 1.2 டிரைவ் போதும். பழைய கணினிக்கு எழுதிக் கொடுக்க 360 டிரைவே வேண்டும். கடையில் கிடைக்கும் யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் இரண்டுக்கும் உதவாது; அது மூன்றரை அங்குல வட்டுக்கானது.

வீட்டில் பழைய ஐந்தேகால் அங்குல வட்டு இருந்தால், எந்த டிரைவில் போடுவதற்கு முன்பும் அதன் பக்கவாட்டில் உள்ள சதுர வெட்டின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். அதன்பின் டிரைவால் அதில் எழுத முடியாது.