நாடாளுமன்றம் வரை வந்த சைக்கிள், அலுவலகம் வரை வருமா?

புது தில்லி: நாடாளுமன்றக் கூட்டத்தொடர் தொடங்கும் நாள்களில் தலைநகரின் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் காட்சிகளில் ஒன்று, சைக்கிளில் வந்து இறங்கும் உறுப்பினர். பெட்ரோல் விலை உயர்ந்தாலும், தில்லியைப் புகைமூட்டம் சூழ்ந்தாலும், எவராவது ஒரு தலைவர் சைக்கிள் ஏறுவார். மறுநாள் பத்திரிகைகளில் படம் வரும். அதற்கடுத்த நாள் அந்தச் சைக்கிள் எங்கே போனது என்று எவரும் கேட்பதில்லை.

ஆனால், மாதச் சம்பளம் வாங்கும் அலுவலக ஊழியர் ஒருவர், படத்துக்காக அல்லாமல், நேரத்தோடு வேலைக்குப் போய்ச் சேருவதற்காக முதன்முறையாகச் சைக்கிளை எடுத்தால் என்ன நேரும்? நகரப் போக்குவரத்து குறித்து அரசுகள் சொன்னதற்கும் செய்ததற்கும் இடையே உள்ள தூரத்தை அந்த ஒரு நாள் பயணம் அவருக்கு உணர்த்திவிடும்.

வாஜ்பாய் காலத்திலிருந்து...

நாடாளுமன்றத்துக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு பழையது. 1973 நவம்பரில் பெட்ரோல் விலை உயர்வைக் கண்டித்து ஜனசங்கத் தலைவர் வாஜ்பாய் மாட்டு வண்டியில் வந்தபோது, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சிலர் சைக்கிளில் வந்தனர். 2021 ஆகஸ்ட் 3-ஆம் தேதி, அரசியல் சாசன மன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர்களின் கூட்டம் முடிந்ததும், ராகுல் காந்தி உள்ளிட்டோர் எரிபொருள் விலை உயர்வைக் கண்டித்து அங்கிருந்து நாடாளுமன்றத்துக்குச் சைக்கிளில் சென்றனர்.

ஆளும் தரப்பிலும் சைக்கிளுக்கு ஆதரவாளர்கள் உண்டு. பீகானேர் தொகுதி உறுப்பினர் அர்ஜுன் ராம் மேக்வால் சைக்கிளிலேயே அவைக்கு வருவதால் பெயர் பெற்றவர். 2016 ஜூலையில் இணையமைச்சராகப் பதவியேற்கக் குடியரசுத் தலைவர் மாளிகைக்கும் சைக்கிளில்தான் வந்தார். மன்சுக் மாண்டவியாவும் அப்படியே. காற்று மாசு உச்சத்தில் இருந்த 2019 நவம்பர் 18-ஆம் தேதி, குளிர்காலக் கூட்டத்தொடரின் முதல் நாளில், அவரும் வடகிழக்கு தில்லி உறுப்பினர் மனோஜ் திவாரியும் சைக்கிளில் வந்தனர். விளையாட்டுத் துறை அமைச்சரான பின், 2024 டிசம்பரில் சைக்கிள் பயணத்துக்கென ஓர் இயக்கத்தையே மாண்டவியா தொடங்கினார். அது ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியாகப் பல நகரங்களுக்கும் பரவியது.

தில்லி அரசும் இதில் பின்தங்கவில்லை. ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் கார் கட்டுப்பாடு முதன்முதலில் அமலுக்கு வந்த 2016 ஜனவரி 1-ஆம் தேதி, அப்போதைய துணை முதல்வர் மணீஷ் சிசோடியா தலைமைச் செயலகத்துக்குச் சைக்கிளில் சென்றார்.

ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் வேறு, திங்கள்கிழமைச் சைக்கிள் வேறு. முன்னது உடற்பயிற்சி. பின்னது போக்குவரத்து. முன்னதற்குச் சாலையைச் சில மணி நேரம் ஒதுக்கினால் போதும். பின்னதற்கு அன்றாடம் சாலையில் ஓர் இடம் வேண்டும்.

எட்டு கிலோமீட்டர்

தமிழர்கள் பெருமளவில் வசிக்கும் ஆர்.கே. புரத்திலிருந்து மத்தியச் செயலகப் பகுதிக்கு ஏறத்தாழ 8 கி.மீ. தூரம். பழக்கமில்லாதவரும் நிதானமாக மிதித்தால் 40 நிமிடங்களில் போய்விடலாம். நெரிசல் நேரத்தில் காரில் செல்பவருக்குச் சில நாள் 25 நிமிடம் ஆகும், சில நாள் ஒரு மணி நேரமும் ஆகும். சைக்கிளுக்கு என்றும் ஏறக்குறைய ஒரே நேரம்தான். மத்திய அரசு அலுவலகங்களில் விரல் ரேகை வருகைப் பதிவு வந்த பிறகு, இந்த நிச்சயம் ஊழியருக்குச் சிறிய விஷயமல்ல.

முதல் நாளுக்கு வேண்டிய ஆயத்தங்களும் பெரியவை அல்ல. சக்கரங்களில் போதிய காற்று, இடுப்பளவுக்கு உயர்த்திய இருக்கை, முன்னும் பின்னும் விளக்கு, தலைக்கவசம், பையில் மாற்றுச் சட்டை ஒன்று, சிறு துண்டு. விடுமுறை நாளில் ஒருமுறை அதே வழியில் போய்ப் பார்த்துவிட்டால் பாதி அச்சம் நீங்கிவிடும். காரில் செல்லும் வழியே சைக்கிளுக்கும் உகந்தது என்பதில்லை. குடியிருப்புகளின் உட்தெருக்கள் சற்றுச் சுற்றானாலும் நிம்மதியானவை. பஞ்சர் ஒட்டுபவர் தில்லியின் நடைபாதைகளில் இன்றும் கிடைக்கிறார்.

கோடையில் வெயில் ஏறுவதற்குள் அலுவலகம் போய்விடலாம். மே மாத மாலையில் அனல் காற்றில் திரும்புவதுதான் சோதனை. நவம்பரில் மூச்சுக் காற்றே எதிரி. ஆனாலும், முதல் நாள் சைக்கிளை எடுத்தவர் இரண்டாம் நாள் எடுக்காமல் போவதற்குப் பெரும்பாலும் வெயிலோ புகையோ காரணமாக இருப்பதில்லை. சாலைதான் காரணம்.

இடமில்லாத சாலை

ஆர்.கே. புரத்தை விட்டு வெளியே வந்ததும் குறுக்கிடுவது வட்டச் சாலை. சிக்னலில் நிற்காமல் வாகனங்கள் ஓட வேண்டும் என்பதற்காகவே இச்சாலையில் மேம்பாலங்கள் அடுத்தடுத்துக் கட்டப்பட்டன. சிக்னல் இல்லாத சாலை காருக்கு வசதி. குறுக்கே கடக்க வேண்டிய சைக்கிளுக்கோ, வாகனங்கள் நிற்கும் கணமே இல்லாமல் போய்விட்டது. மேம்பாலத்தின் அடியிலும் இடதுபுறம் நிற்காமல் திரும்பும் வாகனங்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. நேரே செல்ல வேண்டிய சைக்கிள்காரர் அந்த ஓட்டத்தின் நடுவே வெட்டிச் செல்ல வேண்டும்.

அதைக் கடந்து சாந்தி பாதையை அடைந்தால் தூதரகங்களும் மர நிழலும் அகன்ற சாலையும் வரவேற்கும். ஆனால், அகன்ற சாலையில் வேகமும் அதிகம். லுட்யன்ஸ் தில்லியின் அழகான வட்டச் சந்திப்புகளில், வேகம் குறைக்காமல் நுழையும் கார்களுக்கு இடையே சைக்கிளை நுழைக்கத் துணிவு வேண்டும்.

இது வெறும் அச்சமல்ல. 2013 அக்டோபரில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தின் தலைவர் சுனிதா நாராயண், எய்ம்ஸ் அருகே அதிகாலையில் சைக்கிளில் சென்றபோது கார் மோதிப் பலத்த காயமடைந்தார். கார் நிற்காமல் சென்றுவிட்டது. வழிப்போக்கர் ஒருவர்தான் அவரை மருத்துவமனையில் சேர்த்தார். அவர் நாடறிந்தவர் என்பதால் அது செய்தியானது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழந்த சைக்கிள் ஓட்டிகள் 4,800-க்கும் அதிகம். அவர்களில் பெரும்பாலோரின் மரணம் உள்ளூர்ப் பக்கத்தைக்கூடத் தாண்டியிருக்காது.

யாருடைய வாகனம்?

முதன்முறையாகச் சைக்கிளில் செல்லும் அலுவலர், சாலையின் இடது ஓரத்தில் தாம் தனியாக இல்லை என்பதைச் சில நிமிடங்களிலேயே கண்டுகொள்வார். காவலாளி, கட்டடத் தொழிலாளி, தோட்டக்காரர், பால் விநியோகிப்பவர், தேநீர் விற்பவர் என்று ஒரு நகரமே அங்கே மிதித்துக்கொண்டிருக்கிறது. அவருக்கு இன்று முதல் நாள். அவர்களுக்கு இருபதாவது ஆண்டாக இருக்கலாம். அவர் சைக்கிளில் வந்தால் அலுவலகத்தில் பாராட்டுவார்கள், அல்லது கேலி செய்வார்கள். வாயிலில் நிற்கும் காவலாளி சைக்கிளில் வந்தது எவர் கண்ணிலும் படுவதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதை எண்களில் சொல்கிறது. விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத பிற வேலைகளில் இருந்த சுமார் 20 கோடிப் பேரில், ஏறத்தாழ 2.6 கோடிப் பேர் சைக்கிளில் வேலைக்குச் சென்றனர். மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டரில் சென்றோரைவிட அது சற்றே அதிகம். காரில் சென்றோர் 3 சதவீதத்துக்கும் குறைவு. 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027-க்கு அறிவிக்கப்பட்டிருப்பதால், இந்தப் பழைய எண்களை வைத்துத்தான் நகரங்கள் இன்றும் திட்டமிடுகின்றன. அந்த எண்களையாவது மதித்திருந்தால் சாலைகள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அரசின் பார்வையில் சைக்கிள் யாருடையது என்பதற்கு ஊதியக் குழுவின் ஏடுகளிலும் ஒரு விடை உண்டு. சைக்கிள் படியை அடியோடு நீக்கலாம் என்று ஏழாவது ஊதியக் குழு பரிந்துரைத்தது. 2017-இல் மத்திய அரசு, தபால்காரர்களுக்கும் ரயில்வே தண்டவாளப் பராமரிப்பாளர்களுக்கும் அதைத் தொடர முடிவு செய்து, மாதம் 90 ரூபாயை 180 ஆக்கியது. கடைநிலை ஊழியரின் கருவி என்ற அளவில் சைக்கிளுக்கு அங்கீகாரம் கிடைத்தது. செயலக அதிகாரியும் அதில் வரலாம் என்ற எண்ணத்துக்கு அந்த ஏட்டில் இடமில்லை.

கொள்கையும் கான்கிரீட்டும்

கொள்கைக்குப் பஞ்சமில்லை. வாகனங்களை அல்ல, மனிதர்களைக் கொண்டு செல்வதே நகரப் போக்குவரத்தின் நோக்கம் என்று 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை தெளிவாகவே அறிவித்தது.

அந்தக் கொள்கை சாலையில் இறங்கிய இடங்களில் ஒன்று, தில்லியில் 2008-இல் திறக்கப்பட்ட அம்பேத்கர் நகர் - மூல்சந்த் துரிதப் பேருந்து வழித்தடம். ஐ.ஐ.டி. நிபுணர்கள் வடிவமைத்த அந்த 5.8 கி.மீ. பாதையில் பேருந்துக்கும் சைக்கிளுக்கும் தனித்தனி வழி இருந்தது. கார்களுக்கு இடம் சுருங்கியதால் எதிர்ப்பு கிளம்பியது. பேருந்து வழியைப் பிற வாகனங்களுக்கும் திறந்துவிடக் கோரிய மனுவை 2012-இல் தில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆயினும் வழித்தடம் பிழைக்கவில்லை. 2016-இல் அது இடித்து அகற்றப்பட்டது. அகற்றியது எளிய மக்களின் கட்சி என்று தன்னை அழைத்துக்கொண்ட ஆம் ஆத்மியின் அரசு. எதிர்க்கட்சிகளும் அதற்காகக் கண்ணீர் விடவில்லை.

சைக்கிளைச் சின்னமாகக் கொண்ட சமாஜவாதி கட்சி ஆட்சியிலிருந்தபோது, உத்தரப் பிரதேசத்தில் எட்டாவாவிலிருந்து ஆக்ராவுக்கு 207 கி.மீ. சைக்கிள் நெடும்பாதை அமைத்து 2016-இல் திறந்தது. 2017-இல் ஆட்சி மாறியதும் முந்தைய அரசு அமைத்த சைக்கிள் பாதைகளின் எதிர்காலமே கேள்விக்குள்ளானது. பாதை ஒரு கட்சியின் அடையாளமாகிவிட்டால் அதில் செல்பவர்கள் மறக்கப்பட்டுவிடுகிறார்கள்.

கரோனா காலத்தில் மத்திய அரசு நடத்திய சைக்கிள் போட்டித் திட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் பங்கேற்றன. பெங்களூரு, சண்டீகர், சூரத் உள்ளிட்ட 11 நகரங்கள் தேர்வாகித் தலா ஒரு கோடி ரூபாய் பெற்றன. அந்தப் பட்டியலில் தில்லி இல்லை.

நீதிமன்றம் சொன்ன இரண்டு

நாடெங்கும் தனி சைக்கிள் பாதை அமைக்க உத்தரவிடக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் ஏற்க மறுத்தது. வீடும் குடிநீரும் இல்லாதோர் இருக்கும் நாட்டில் முன்னுரிமைகள் வேறு என்பது நீதிபதிகளின் கருத்து. ஆனால், சைக்கிளை நம்பி வாழ்வோரும் அந்த வீடற்றவர்களும் பல இடங்களில் ஒரே மனிதர்கள்தான் என்ற உண்மை அந்த வாதத்தில் இடம்பெறவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில், கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு ஒரு கதவைத் திறந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் நாடாளுமன்றம் ஒரு திருத்தம் செய்தது. மோட்டார் அல்லாத வாகனங்களும் பாதசாரிகளும் பொது இடங்களையும் தேசிய நெடுஞ்சாலைகளையும் பயன்படுத்துவது குறித்து விதிகள் வகுக்கும் அதிகாரத்தை 138 (1ஏ) பிரிவு மாநிலங்களுக்கு அளித்தது. அந்த விதிகளை ஆறு மாதங்களுக்குள் வகுக்குமாறு மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதிகாரத்தை நாடாளுமன்றம் வழங்கி ஆறு ஆண்டுகள் கழித்து, அதைப் பயன்படுத்துங்கள் என்று நீதிமன்றம் நினைவூட்ட வேண்டியிருந்தது.

கொடுத்ததும் கொடுக்காததும்

சைக்கிளைக் கொடுப்பதில் இந்திய அரசியல் கஞ்சத்தனம் காட்டியதில்லை. தமிழகத்தின் இலவச சைக்கிள் திட்டம், பிகாரில் நிதீஷ் குமார் 2006-இல் தொடங்கிய மாணவியர் சைக்கிள் திட்டம், மேற்கு வங்கத்தின் 'சபுஜ் சாத்தி' ஆகியவை லட்சக்கணக்கான பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு சேர்த்தன. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பெண்கள் சைக்கிள் கற்றது நாடே வியந்த செய்தி. 2025 செப்டம்பரில் சைக்கிள் மீதான சரக்கு, சேவை வரியும் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது.

கொடுக்காதது பாதை ஒன்றைத்தான். பள்ளிக்குச் சைக்கிளில் போன மாணவி வேலைக்குச் சேர்ந்ததும் அதைக் கைவிடுகிறார். அது அவருடைய விருப்பம் என்று அரசுகள் கருதிக்கொள்கின்றன. பாதுகாப்பாக ஓட்ட இடமில்லாத சாலையில் விருப்பம் என்ற சொல்லுக்குப் பொருளில்லை.

கடமைப் பாதையை ஒட்டி மத்தியச் செயலகத்துக்குப் புதிய கட்டடங்கள் எழுகின்றன. முதல் கட்டடமான கர்தவ்ய பவன் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. உள்துறை, வெளியுறவுத் துறை அலுவலகங்களுக்கு அதில் இடம். அங்கே பணியாற்றும் அதிகாரியும் அவருக்குத் தேநீர் கொண்டுவருபவரும் ஒரே பாதையில், அச்சமின்றிச் சைக்கிளில் வந்து சேரச் செய்வது அரசுக்கு இயலாத காரியமல்ல. வட்டச் சாலையைக் கடக்க ஒரு சிக்னல், இடது ஓரத்தில் இரண்டரை மீட்டர் வழி, வாயிலில் பூட்டி வைக்க ஓர் இடம். இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்தொடரின் முதல் நாளில் சைக்கிளில் வந்து இறங்கும் உறுப்பினர்கள், அன்றைய கேள்வி நேரத்தில் இவை எப்போது வரும் என்று அமைச்சரிடம் கேட்டால், தினமும் அதே சாலையில் மிதித்து வருபவர்களுக்குப் பயன் உண்டு.